நாதனார் கோவிலுக்கு ஓட்டோவில் ஓர் அரைநாள்

திருகோணமலையில் பிறந்து, இங்கேயே பள்ளிக்கூடத்தில் வரலாறு படிப்பிக்கிற நான், பெரியகுளத்து நாதனார் கோவிலை ஒழுங்காகப் பார்த்தது போன மாதம்தான். அதற்கு முன் இரண்டு தடவை போயிருக்கிறேன், ஆனால் பார்த்தேன் என்று சொல்ல மாட்டேன். இந்தத் தடவை பார்க்க வைத்தவர் ஓட்டோ ஓடுகிற ஒரு தம்பி. பெயர்ப்பலகையோ அலுவலகமோ அவருக்குக் கிடையாது. அனுராதபுரச் சந்தியில் ஓட்டோ நிற்பாட்டுகிறவர்களிடம் விசாரித்தால் "கல்வெட்டுக் காட்டுற தம்பியோ?" என்று கேட்டுவிட்டு நம்பர் தருவார்கள். எனக்கும் அப்படித்தான் கிடைத்தது. அந்தப் பயணத்தைப் பற்றித்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளும். அந்த இடத்தைப் பற்றிச் சொல்லாமல் அவருடைய சேவையைப் பற்றி மட்டும் சொல்ல எனக்கு வராது.

நான், அப்பா, என் மகள் என்று மூன்று பேர் போனோம். அப்பாவுக்கு 74 வயது. நாற்பது வருஷத்துக்கு மேல் மேசன் வேலை செய்தவர். உவர்மலையிலும் உப்புவெளியிலும் அவர் கட்டின வீடுகள் இருக்கின்றன. இரண்டு கோவில் திருப்பணிகளிலும் கை வைத்திருக்கிறார். மகள் ஆறாம் தரம். முழு ஓட்டோவுக்கும் சேர்த்து 7,500 ரூபாய் பேசினோம். காலை ஆறரைக்கு வெளிக்கிட்டு, கன்னியா வெந்நீர் ஊற்றைப் பார்த்து, அங்கிருந்து பெரியகுளம் போய், பன்னிரண்டு மணிக்குள் வீட்டு வாசலில் கொண்டுவந்து விடுவது. காத்து நிற்கிற நேரத்துக்குத் தனிக் காசு இல்லை. வழியில் ஒரு தடவை பிளேன்டீயும் அவர் கணக்கில். சும்மா ஓட்டோ பிடித்துப் போனால் இதைவிடக் குறைவாக முடியும். வாசலில் இறக்கிவிட்டு மரநிழலில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், அவ்வளவுதான்.

இந்த இடத்துக்கு மூன்று பெயர். எங்கள் ஆட்கள் நாதனார் கோவில் என்பார்கள். சிங்கள மக்களுக்கு அது வெல்கம் விகாரை. பழைய பௌத்த மரபு அதன் தொடக்கத்தைச் சோழர் வருவதற்குப் பல நூற்றாண்டுகள் முன்னே கொண்டுபோகிறது. மூன்றாவது பெயர் கல்லில் இருக்கிறது: இராஜராஜப் பெரும்பள்ளி. 11ஆம் நூற்றாண்டில், இந்தப் பகுதி சோழர் ஆட்சிக்குள் இருந்தபோது, தமிழில் வெட்டின பெயர். பௌத்த விகாரை ஒன்று, சைவனான ஒரு சோழ அரசனின் பெயரில், தமிழ்க் கல்வெட்டுகளோடு நிற்கிறது. இலங்கையில் தமிழ்ப் பௌத்தர்களின் பள்ளி என்று கட்டிடத்தையும் கல்வெட்டையும் சேர்த்துக் காட்டக்கூடிய இடம் எது என்று கேட்டால் ஆய்வாளர்கள் முதலில் கைநீட்டுவது இங்கேதான். பேராசிரியர் கா. இந்திரபாலாவும் பேராசிரியர் சி. பத்மநாதனும் இலங்கைத் தமிழ்ச் சாசனங்களைப் பற்றி எழுதியதில் இந்த ஊருக்குத் தனி இடம் உண்டு. நகரத்தில் இருந்து அரை மணித்தியாலம் போதும். ஆனால் எங்கள் பிள்ளைகள் தஞ்சைப் பெரிய கோவிலின் உயரத்தைக் கேட்டால் சொல்வார்கள். இதைக் கேட்டால் "அது எங்க ரீச்சர் இருக்கு?" என்பார்கள்.

போன முறை ஒரு சுற்றுலா நிறுவனத்தின் வானில், பாடசாலை ஆசிரியர்களோடு போனேன். பெயர் வேண்டாம். பன்னிரண்டு மணி வெயிலில் இறக்கினார்கள். கூட வந்தவர் வாசலில் நின்றபடியே "இது சோழர் வந்து உடைச்ச விகாரை" என்றார். படம் எடுக்கப் பத்து நிமிஷம் தந்தார். பிறகு நிலாவெளிக் கடற்கரை. அந்த ஒரு வசனம் எனக்கு நெடுநாள் உறுத்திக்கொண்டே இருந்தது. சோழர் படை 993 அளவில் வந்து அனுராதபுரத்தைச் சூறையாடியது உண்மை. 1017இல் சிங்கள அரசன் ஐந்தாம் மகிந்தனைப் பிடித்துச் சோழநாட்டுக்குக் கொண்டுபோனதும், அவன் அங்கேயே இறந்ததும் உண்மை. படிப்பிக்கும்போது இதை நான் மறைப்பதில்லை. ஆனால் இந்த விகாரையில் கல் சொல்வது வேறு. இங்கே திருத்திக் கட்டினார்கள், விளக்கு வைத்தார்கள், மாடு கொடுத்தார்கள், தங்கள் அரசனின் பெயரையும் வைத்தார்கள். ஒரே காலத்தில் இரண்டும் நடந்திருக்கிறது. பத்து நிமிஷத்தில் அதைச் சொல்ல முடியாதுதான். அதற்காகப் பிழையாகச் சொல்லிவிட்டுப் போகலாமா?

சரி, பயணத்துக்கு வருகிறேன்.

ஆறரை என்று சொன்னவர் வந்தபோது ஏழு மணி ஐந்து நிமிஷம். முதல் குறை இதுதான். நேரம் பிந்துவது மற்றப் பயணங்களில் பெரிய விஷயமாக இருக்காது. இங்கே அந்த முப்பத்தைந்து நிமிஷத்துக்கும் விலை உண்டு. ஏன் என்று பின்னால் சொல்கிறேன். ஓட்டோ சுத்தமாக இருந்தது, வேகம் நிதானம். அப்பாவின் முழங்கால் நோவைப் பார்த்துவிட்டு, இரண்டு இடத்தில் கேட்காமலே நிற்பாட்டிக் கால் நீட்டச் சொன்னார்.

கன்னியாவில் இருபது நிமிஷம். ஏழு கிணறுகள், சின்னச் சின்னச் சதுரம், ஒவ்வொன்றிலும் வேறு வேறு சூடு. தாயின் கிரியைக்காக இராவணன் நிலத்தில் குத்தி எடுத்த தண்ணீர் என்ற கதை எல்லாருக்கும் தெரியும். அம்மாவின் அந்தியேட்டிக்கு நாங்கள் வந்ததும் இங்கேதான். அப்பா ஒரு வாளி தண்ணீர் அள்ளிக் காலில் ஊற்றிக்கொண்டு பேசாமல் நின்றார். தம்பி அதைப் புரிந்துகொண்டு விளக்கம் ஒன்றும் சொல்லாமல் தள்ளிப் போய் நின்றார். காசு வாங்கிக்கொண்டு வழிகாட்டுகிற ஒருவருக்கு எப்போது வாயை மூடவேண்டும் என்று தெரிந்திருப்பது பெரிய குணம்.

அங்கிருந்து உள்ளே போகிற பாதை. பற்றையும் காடும், இடையில் வயல், பிறகு குளத்துப் பக்கத்துக் குளிர்ந்த காற்று. விகாரையில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். நாங்கள் போன அன்று வேறு ஆட்கள் இல்லை. ஒரு வயதான சிங்கள அம்மா மட்டும் தாமரை மொட்டுகளோடு வந்து, வைத்துக் கும்பிட்டுவிட்டுப் போனார்.

நான் நேரே, புத்தர் சிலை இருக்கிற படிமமனைக்குள் போகப் பார்த்தேன். தம்பி மறித்தார். "ரீச்சர், முதல் உள்ள போகவேண்டாம். ஒருக்கா வெளியால சுத்தி வாங்கோ. சுவரைப் பார்க்காமல் அடியைப் பாருங்கோ." நான் இரண்டு தடவை தவறவிட்டது அந்த அடியைத்தான்.

சிதைந்த செங்கல் கட்டிடம் என்றுதான் முதல் பார்வைக்குத் தெரியும். கூரை போய்விட்டது, சுவரும் முழு உயரத்துக்கு இல்லை. ஆனால் சுவர் எதன் மேல் ஏறுகிறது என்று குனிந்து பார்த்தால், அடித்தளம் வரி வரியாக மடிந்து வருகிறது. ஒரு பட்டை வெளியே தள்ளும், அடுத்தது உள்ளே போகும், மறுபடி ஒன்று தள்ளும். சுவர்ப் பரப்பில் அரைத்தூண்கள் எழும்புகின்றன. எங்கள் கோவில்களில் அதிட்டானம் என்று சொல்கிற அதே ஒழுங்கு. தம்பி ஒரு கொப்பியில் பென்சிலால் கீறி வைத்திருந்த படத்தைக் காட்டினார். கீழே ஜகதி, அதன் மேல் குமுதம், பிறகு உள்வாங்கிய கண்டம், மேலே பட்டிகை. திராவிடக் கட்டிடக்கலையில் ஒரு கோவிலின் பாதம் இப்படித்தான் அடுக்கப்படும். படத்தில் அவர் கீறியிருந்தது பொலன்னறுவையில் இருக்கும் இரண்டாம் சிவாலயத்தின் அடித்தளம். வானவன் மாதேவி ஈஸ்வரம் என்று கல்வெட்டு சொல்கிற கோவில் அது. அடியில் இருந்து உச்சி வரை கல், சோழர் காலத்து வேலை. "அதையும் இதையும் பக்கத்தில் வச்சுப் பாருங்கோ" என்றார். பார்த்தோம். அங்கே சிவனுக்கு, இங்கே புத்தருக்கு. பாதம் ஒரே குடும்பத்துப் பாதம்.

அப்பா அதற்குள் குந்தி இருந்துவிட்டார். முழங்கால் நோ எங்கே போனதோ தெரியாது. உள்ளங்கையை விரித்து மடிப்புகளின் மேல் வைத்து அளந்தார். பிறகு செங்கல் வரிசைக்கு வந்து, இரண்டு கல்லுக்கும் இடையில் விரல் நகத்தை விட்டுப் பார்த்தார். பழைய பகுதியில் நகம் போகவில்லை. கொஞ்சம் தள்ளி, திருத்தின பகுதி என்று தெரிகிற இடத்தில் சாந்து தடிப்பாக இருந்தது, நகம் போனது. "இஞ்ச பார், இது ஆறுதலா வச்ச கல்லு" என்று என்னைக் கூப்பிட்டார். இப்போது ஒரு மேசன் ஒரு நாளைக்கு இத்தனை கல்லு வைக்கவேண்டும் என்று கணக்கு. சாந்தை அள்ளிப் போட்டுக் கல்லை அமத்திவிட்டுப் போய்க்கொண்டே இருப்பார்கள். சாந்து தடிப்பாக இருந்தால் கல்லின் கோணல் மறையும். மெல்லிசாக இருந்தால் ஒவ்வொரு கல்லும் தட்டையாக, ஒரே அளவாக இருந்தாக வேண்டும். அதனால் வேலை சூளையிலேயே தொடங்கிவிடுகிறது, கரண்டி பிறகுதான். அப்பா இதைச் சொன்னபோது தம்பி கொப்பியை எடுத்து எழுதிக்கொண்டார். அடுத்து வருகிறவர்களுக்குச் சொல்லப்போகிறாராம். எனக்கு அது மிகவும் பிடித்தது.

மூலையைப் பற்றியும் அப்பா ஒன்று சொன்னார். அடித்தளத்தின் மடிப்புகள் நேரான பக்கத்தில் ஓடும்போது நூல் பிடித்துச் செய்துவிடலாம். மூலையில் திரும்பும்போதுதான் வேலைகாரன் பிடிபடுவான். ஒவ்வொரு பட்டையும் அதே உயரத்தில், அதே தள்ளலோடு மறுபக்கம் போய்ச் சேர வேண்டும். இங்கே உடையாமல் இருக்கிற ஒரு மூலையில் அப்பா கன்னத்தைக் கல்லுக்குக் கிட்ட வைத்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "பிசகில்லை" என்றார். அவர் வாயில் இருந்து அந்தச் சொல் சும்மா வராது. நான் கட்டின வீட்டுக்கே அவர் இன்னும் சொன்னதில்லை.

அதன் பிறகுதான் உள்ளே போனோம். தம்பி ஒரு குச்சியால் மணலில் திட்டத்தைக் கீறினார்: முன்னால் மண்டபம், நடுவில் ஒடுங்கின இடைகழி, பின்னால் கருவறை. மகள் உடனே "எங்கட பிள்ளையார் கோவில் மாதிரி" என்றாள். அதேதான். வெளிச்சம் குறைந்து குறைந்து போய்க் கடைசியில் உருவம் நிற்கும். இங்கே நிற்பது சுண்ணாம்புக் கல்லில் செய்த புத்தர், நின்ற கோலம். காலம் தின்ற முகம். ஆனாலும் அந்த நிலையில் ஓர் அமைதி இருக்கிறது. சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்கக் கூடாது என்று தம்பி ஏற்கனவே ஓட்டோவில் வைத்தே சொல்லியிருந்தார். வெளிநாட்டில் இருந்து விடுமுறைக்கு வருகிற சொந்தக்காரரைக் கூட்டிப் போகிறவர்கள் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

இனி, பள்ளி என்ற சொல். வகுப்பில் இதை நான் பாடமாகவே சொல்லியிருக்கிறேன். ஆனால் இந்த இடத்தில் நின்று கேட்டபோது வேறு மாதிரி இருந்தது. பழைய தமிழில் பள்ளி என்றால் சமண, பௌத்தத் துறவிகள் தங்குகிற இடம், அவர்களின் கோவில். துறவிகள் பிள்ளைகளுக்குப் படிப்பித்த இடம் பள்ளிக்கூடம் ஆனது. எங்கள் ஊர் முஸ்லிம் ஆட்கள் தொழுகைக்குப் போகிற இடத்தைப் பள்ளி என்றுதான் சொல்கிறார்கள். கேரளத்தில் கிறிஸ்தவக் கோவிலையும் பள்ளி என்பார்கள். பெரும்பள்ளி என்றால் பெரிய விகாரை. "நீங்கள் தினமும் போற இடத்தின்ட பேர்தான் இங்க கல்லில இருக்கு" என்று தம்பி மகளிடம் சொன்னார். அவள் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப ஹோம்வேர்க் குடுத்திருப்பினமோ?" என்றாள். குடுத்திருப்பார்கள் என்று நானும் நம்புகிறேன். ஓலையும் எழுத்தாணியும் வைத்துக்கொண்டு.

கல்வெட்டுத்தான் இந்தப் பயணத்தின் உயிர். பெரியகுளத்தில் தமிழ்க் கல்வெட்டுகள் பத்துக்கு மேல் கிடைத்திருக்கின்றன. சேனரத் பரணவிதான தொல்லியல் ஆணையாளராக இருந்த 1950களில் நடந்த அகழ்வு வேலையில்தான் இந்த இடத்தின் சோழர் காலம் தெளிவாக வெளியே வந்தது. கல்வெட்டுகள் முதலாம் இராஜராஜன், முதலாம் இராஜேந்திரன் காலத்தைச் சேர்ந்தவை. பெரும்பாலும் கொடைகள்: விளக்கு, மாடு, காசு. கொடுத்தவர்களில் ஒருவரின் பெயரில் யக்கன் என்று வருகிறது. எங்கோ பிறந்து, ஏதோ வேலையாக இந்தக் காட்டுக்குள் வந்து, புத்தருக்கு விளக்கு வைத்துவிட்டுப் போன ஒரு தமிழன்.

கல்லில் எழுத்து இருப்பதே வெறும் கண்ணுக்குத் தெரியவில்லை. சொரசொரப்பான கல், பாசி, ஆயிரம் வருஷ மழை. சில இடங்களில் ஆட்கள் சுண்ணக்கட்டியை, மாவைத் தேய்த்து எழுத்தைத் தெரிய வைப்பார்கள். கல்லுக்கு அது கூடாது. தம்பி அப்படிச் செய்யவில்லை. சட்டைப்பையில் இருந்து சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்றை எடுத்தார். சலூனில் பின் கழுத்தைக் காட்டப் பிடிப்பார்களே, அந்த அளவு. தள்ளி நின்று வெயிலைக் கண்ணாடியில் வாங்கி, கல்லின் பக்கவாட்டில் சரித்து அடித்தார். அவ்வளவுதான், எழுத்துகள் எழும்பி வந்துவிட்டன. ஒவ்வொரு வெட்டுக்குள்ளும் நிழல் விழுந்தது. நான் வாய் பிளந்து நின்றேன். மகள் முழங்காலில் இருந்து, விரலைக் கல்லில் படாமல் காற்றில் வைத்தபடி கோடுகளைத் தொடர்ந்தாள். புள்ளி வைக்காத பழைய எழுத்து. ர வெறும் கோடு போல நிற்கும். ஆனால் ப என்ற எழுத்து அன்றும் இன்றும் கிட்டத்தட்ட ஒன்றுதான். "ப! இஞ்ச ஒரு ப! அங்காலயும் ஒரு ப!" என்று கத்தினாள். அவளுடைய ஆறாம் தரக் கொப்பியில் இருக்கிற அதே ப.

முன்னால் சொன்ன முப்பத்தைந்து நிமிஷத்துக்கு இங்கேதான் விலை. சூரியன் தாழ இருக்கும்போது கண்ணாடியே தேவையில்லை, சரிந்த வெயிலில் எழுத்துகள் தாங்களே தெரியுமாம். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டது. சில கற்களில் கண்ணாடி வெளிச்சமும் எட்டவில்லை. அவருக்கே அது மனவருத்தம்தான். ஆனாலும் நேரத்துக்கு வந்திருக்க வேண்டும்.

கொடையாக வருகிற விளக்கு நந்தா விளக்கு, அதாவது அணையாமல் எரிகிற விளக்கு. கல்வெட்டுகளில் நொந்தா விளக்கு என்றும் வரும். மாட்டுக்கும் விளக்குக்கும் என்ன தொடர்பு என்று மகள் கேட்டாள். தம்பி சொன்ன விளக்கம் நான் வகுப்பில் சொல்வதைவிட நன்றாக இருந்தது. விளக்கு எரிய நெய் வேண்டும். ஒரு நாளைக்குக் காசு கொடுத்தால் ஒரு நாள் எரியும். மாட்டைக் கொடுத்தால்? இடையர்களிடம் அந்த மாடுகளை ஒப்படைப்பார்கள். அவர்கள் நாளுக்கு இவ்வளவு நெய் என்று அளந்து கொண்டுவந்து தரவேண்டும். மாடு கன்று போடும், மந்தை குறையாது, நெய்யும் நிற்காது. தமிழ்நாட்டுக் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக்கு 96 ஆடு என்று வரும். அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்பார்கள். சாகாத, கிழடாகாத ஆடு. ஆடு சாகும், மந்தை சாகாது. சந்திரனும் சூரியனும் இருக்கும் மட்டும் என்று எழுதி வைப்பார்கள். வங்கியில் பணத்தைப் போட்டு வட்டியில் பூசை நடத்துகிறோமே, அதே வேலையை மாடும் ஆடும் செய்தன. அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இந்தப் பக்கம் நல்ல புல் இருந்திருக்கு" என்றார். குளமும் இருந்தது. எனக்கு அந்த நேரம் சுற்றியிருந்த பற்றைக்காடு மேய்ச்சல் நிலமாகத் தெரிந்தது.

இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயர் கடலுக்கு அந்தப் பக்கமும் உண்டு. நாகபட்டினத்தில், சுமாத்திராவை ஆண்ட ஸ்ரீவிஜய அரசன் கட்டுவித்த சூடாமணி விகாரைக்கு ஆனைமங்கலம் என்ற ஊரையே இராஜராஜன் கொடுத்தான். அதைச் சொல்கிற செப்பேடுகளை லெய்டன் செப்பேடுகள் என்பார்கள். அந்த விகாரைக்கும் இந்தப் பெயர் இருந்தது. நாகபட்டினத்துப் பள்ளியின் கடைசிக் கோபுரம் 1867இல் இடிக்கப்பட்டுவிட்டது. இன்று நாகபட்டினத்துக்குப் போனால் அடியைக் குனிந்து பார்க்க ஒன்றும் இல்லை. இங்கே இருக்கிறது. இதே காலத்தில்தான் நிலாவெளியில் கிடைத்த கல்வெட்டு கோணேஸ்வரத்துக்கு 250 வேலி நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. கடற்கரைப் பக்கம் சிவனுக்கு நிலம், காட்டுப் பக்கம் புத்தருக்கு மாடு. சோழர் 1070இல் போன பிறகும் தமிழர் இந்த நாட்டுப் பௌத்தத்தை விட்டு விலகிவிடவில்லை. பொலன்னறுவையில், புத்தரின் பல் இருந்த தலதா மாளிகையைக் காப்போம் என்று வேளைக்காரர் என்ற கூலிப்படை தமிழில் வெட்டி வைத்த கல் இருக்கிறது.

தம்பியிடம் நான் மறுத்தது ஒரு இடத்தில்தான். "இராஜராஜன் இங்க வந்து கும்பிட்டிருக்கிறான்" என்று மகளிடம் சொன்னார். அரசனின் பெயரை வைப்பது வேறு, அரசன் வருவது வேறு. வந்தான் என்று இந்தக் கற்களில் இல்லை. அப்படிச் சொன்னேன். ஒரு நிமிஷம் யோசித்தார். "ஓம் ரீச்சர், அதை நான் விட்டுடுறன்" என்றார். விட்டாரா இல்லையா என்று அடுத்த முறை போகிறவர்கள் எனக்குச் சொல்லுங்கள். இந்த இடத்தைப் பற்றி ஒவ்வொருவரும் தங்களுக்குப் பிடித்த கதையை ஏற்றிக்கொண்டே போகிறார்கள். எங்கள் பக்கமும் செய்கிறது, அந்தப் பக்கமும் செய்கிறது. இருக்கிற உண்மையே இவ்வளவு அழகாக இருக்கும்போது கூட்டிச் சொல்ல என்ன தேவை?

திரும்ப வெளிக்கிடும் நேரம் இளம் ஹாமதுரு (பிக்கு) ஒருவர் வந்தார். அப்பா சிங்களத்தில் கதைத்தார், நன்றாகவே கதைப்பார். ஒரு மூலையில் மழைத்தண்ணீர் தேங்கி வழிகிற தடம் செங்கல்லில் கறுப்பாக இருந்ததை அப்பா முன்பே பார்த்து வைத்திருந்தார். அவரைக் கூட்டிக்கொண்டு போய் அதைக் காட்டினார். தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது, மண் எந்தப் பக்கம் உயர்ந்திருக்கிறது, மாரிக்கு முன் சின்னதாக ஒரு கான் வெட்டினால் எவ்வளவு பாதுகாப்பு என்று கையைக் காட்டிக் காட்டிச் சொன்னார். ஹாமதுரு கவனமாகக் கேட்டார், தன் போனில் படம் எடுத்துக்கொண்டார். தொல்லியல் இடத்தில் யாரும் நினைத்தபடி மண்வெட்டி வைக்க முடியாதுதான். உரியவர்களுக்குச் சொல்வதாகச் சொன்னார். ஒரு மேசனும் ஒரு துறவியும் ஆயிரம் வருஷத்துச் சுவர் ஒன்றின் மழைத்தண்ணீரைப் பற்றிப் பதினைந்து நிமிஷம் கதைத்தார்கள். தம்பி மணிக்கூட்டைப் பார்க்கவில்லை. அதற்காக மட்டுமே நான் அவருக்கு 500 ரூபாய் கூடக் கொடுத்தேன்.

மற்றக் குறைகளையும் சொல்லவேண்டும். கல்வெட்டு வாசகம் என்று தருகிற கடதாசி போட்டோகொப்பியின் போட்டோகொப்பி. பாதி எழுத்து விழவில்லை. நான் புதிதாகத் தட்டச்சு செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறேன், வாங்கிக்கொள்ளச் சம்மதித்தார். தூபிப் பக்கம் அவசரமாக முடித்தார். அங்கே அவருக்குச் சொல்ல அவ்வளவு இல்லை என்று நினைக்கிறேன். மூன்று பெரியவர்கள் போனால் ஓட்டோவில் நெருக்கம். அப்படியென்றால் வான் கேளுங்கள், பேசித் தருவார், காசு கூடும். பன்னிரண்டு என்றது பன்னிரண்டே முக்கால் ஆனது. ஆனால் அது எங்கள் அப்பாவால்.

போக நினைக்கிறவர்கள் இரண்டு நாள் முன்னால் சொல்லிவிடுங்கள். ஆறு மணிக்கே வரச் சொல்லி அடித்துச் சொல்லுங்கள், கன்னியாவைத் திரும்பி வரும்போது வைத்துக்கொள்ளுங்கள். அப்போது வெயில் சரிவாகக் கிடைக்கும். முழங்காலை மூடுகிற உடுப்பு, வெள்ளையாக இருந்தால் நல்லது. தண்ணீர்ப் போத்தலும் தொப்பியும் கட்டாயம். பத்து மணிக்குப் பிறகு வெறுங்காலோடு கல்லில் நடக்க முடியாது, தடிப்பான காலுறை ஒன்று கொண்டுபோங்கள். போயா நாளில் சனம் கூட, விளக்கம் கேட்க முடியாது. யானை வருகிற பக்கம் என்பதால் பின்னேரம் தாமதித்து நிற்க அவரும் விடமாட்டார்.

புல்மோட்டை வீதியால் திரியாய்க்கும் கூட்டிப் போகிறார், அது முழுநாள். மலையில் தூபியைச் சுற்றிக் கட்டின வட்டதாகேயும், பல்லவக் கிரந்த எழுத்தில் வணிகர்களைப் பற்றிச் சொல்கிற வடமொழிக் கல்வெட்டும் அங்கே இருக்கின்றன. நாங்கள் அடுத்த மாதச் சனிக்கிழமை ஒன்றுக்குப் பேசியிருக்கிறோம். படி கூட என்று அப்பாவிடம் சொன்னேன். நின்று நின்று ஏறலாம் என்றார். மகள் தனக்கென்று ஒரு கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறாள்.